ஜூன் 4 மதியம் விற்றேன், ஜூன் 11 திரும்ப வாங்கினேன்

2025 ஜூலையில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யப் போயிருந்தேன். ஆடிட்டர் கணினித் திரையை என் பக்கம் திருப்பி, "அக்கா, எல்லாத்தையும் ஒரே வாரத்துல வித்து, அதே ஷேரையே திரும்ப வாங்கியிருக்கீங்க. யாராச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. அவர் சொன்னது 2024 நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்த வாரத்தை. வீட்டுக்காரருக்கே தெரியாது. ஒரு வருடமாக மனதுக்குள் வைத்துக் குமைந்துகொண்டிருந்ததை அன்றைக்குத்தான் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். என்னைப் போல் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பங்கு வாங்குகிற யாருக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் கொள்முதல் பிரிவில் வேலை செய்கிறேன். வீட்டுக்காரர் சாயப்பட்டறையில் சூப்பர்வைசர். பணம் விஷயமெல்லாம் என் பொறுப்பு. 2019இல் பங்குகளை வைத்துக்கொள்கிற டீமேட் கணக்கு தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்தேன். மொத்தம் 5 லட்சம் போட்டிருந்தேன். 2024 மே கடைசியில் அது 9 லட்சமாக நின்றது. பாதிக்கு மேல் வங்கிப் பங்குகளும் கட்டுமானப் பங்குகளும். அது போக மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் தானாகப் போகிற 5,000 ரூபாய் எஸ்ஐபி ஒன்றும், அவசரத்துக்கென்று வங்கியில் 3 லட்சம் எஃப்டியும் இருந்தன. மகள் அந்த வருடம் பிளஸ் டூ முடித்திருந்தாள். ஆகஸ்டில் கல்லூரிக்கு இரண்டரை லட்சம் வேண்டும். அதைப் பங்கில் இருந்து எடுப்பதாகத் திட்டம்.

முதல் தப்பு இங்கேயே ஆரம்பித்துவிட்டது. மூன்று மாதத்தில் கட்ட வேண்டிய பணத்தைத் தேர்தல் முடிவைத் தாண்டியும் பங்கில் வைத்திருந்தேன். தமிழ்நாட்டில் நாம் ஏப்ரல் 19ஆம் தேதியே ஓட்டுப் போட்டுவிட்டோம். எண்ணிக்கை ஜூன் 4. நடுவில் ஆறு வாரத்துக்கு மேல் இருந்தது. அந்த இரண்டரை லட்சத்தை மட்டும் மே மாதமே எடுத்து வங்கியில் போட்டிருந்தால், ஜூன் 4 அன்று நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அன்று நான் திரையில் பார்த்தது 9 லட்சத்தை இல்லை, மகளின் ஃபீஸைத்தான்.

மே மாதம் முழுக்க வாட்ஸ்அப்பில் ஒரே வரிப் பேச்சு. இவர் வந்தால் வாரிசு வரி வரும், அவர் வந்தால் சொத்து வரி வரும், யார் வந்தாலும் பங்கு லாபத்துக்கு வரி ஏறும். வாரிசுச் சொத்துக்கான எஸ்டேட் வரியை 1985இலேயே எடுத்துவிட்டார்கள், செல்வ வரியை 2015 பட்ஜெட்டில் ஒழித்துவிட்டார்கள் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. வந்ததையெல்லாம் படித்தேன். ஒரு பக்கம் பயம், இன்னொரு பக்கம் ஆசை. அந்தக் கலவை ரொம்ப மோசம்.

ஜூன் 1 சனிக்கிழமை சாயங்காலம் எக்சிட் போல், அதாவது ஓட்டுப் போட்டவர்களைக் கேட்டு எடுக்கிற கணிப்பு, வந்தது. ஆளும் கூட்டணிக்கு அமோக வெற்றி என்று எல்லா சேனலும் சொன்னது. திங்கட்கிழமை சந்தை பறக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்துவிட்டது. ஞாயிறு ராத்திரி எல்லாரும் தூங்கினபிறகு ஆப்பில் அந்த 3 லட்சம் எஃப்டியை முடித்தேன். முன்கூட்டியே எடுப்பதற்கு ஒரு சதவீதம் வட்டியைக் குறைத்தார்கள். பரவாயில்லை, ஒரே நாளில் சம்பாதித்துவிடலாம் என்று நினைத்தேன். இதை எழுதும்போது கூட வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 3 அன்று, சந்தையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டுகிற சென்செக்ஸ் குறியீடு 2,507 புள்ளி ஏறி 76,468இல் முடிந்தது. இன்னொரு குறியீடான நிஃப்டி 23,263. நான் காலையில் சந்தை திறந்த கொஞ்ச நேரத்தில், ஏற்கெனவே ஏறிப்போன விலையில், 3 லட்சத்துக்கும் பொதுத்துறைப் பங்குகள் வாங்கினேன். ஜெயிக்கப்போகிறது என்று ஊருக்கே தெரிந்த சேதி விலையில் ஏறியாகிவிட்டது என்பதை அப்போது யோசிக்கவில்லை. எக்சிட் போல் சரியாக இருந்தால் எனக்குக் கிடைக்கப்போவது கொஞ்சம்; தப்பாக இருந்தால் போகப்போவது நிறைய. பந்தயம் கட்டுகிறவர்கள் கூட இந்தக் கணக்கைப் பார்ப்பார்கள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஆபீசில் எல்லார் போனிலும் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது. ஆளுங்கட்சிக்குத் தனியாகப் பெரும்பான்மைக்கு வேண்டிய 272 இடம் வராது என்று தெரியத் தெரிய சந்தை சரிந்தது. கடைசியில் அந்தக் கட்சிக்கு 240, கூட்டணிக்கு 293. ஆட்சி மாறவே இல்லை, அதே கூட்டணிதான். ஆனால் அன்று மதியம் அது யாருக்கு மண்டையில் ஏறியது? சென்செக்ஸ் ஒரு கட்டத்தில் 6,000 புள்ளிக்கு மேல் இறங்கி, 4,389 புள்ளி நஷ்டத்தில் 72,079இல் முடிந்தது. நிஃப்டி 21,884. சந்தையின் பதற்றத்தை அளக்கிற இந்தியா விக்ஸ் 30ஐத் தாண்டியது. பொதுத்துறைப் பங்குகளுக்குத்தான் பெரிய அடி. முந்தின நாள் நான் வாங்கிய இரண்டு பங்குகள் விலையில் ஐந்தில் ஒரு பகுதியை இழந்திருந்தன. அதே நாளில் சோப்பு, ஷாம்பு விற்கிற இந்துஸ்தான் யூனிலீவர் பங்கு ஏறியது. அது என்னிடம் இல்லை.

காலையில் ஆப் திறக்கவே இல்லை. சுற்றிக்கொண்டே இருந்தது. பத்து தடவைக்கு மேல் பாஸ்வேர்ட் போட்டேன். அந்தக் காத்திருப்புதான் என்னைக் கெடுத்தது. விற்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவள், விற்க முடியவில்லை என்றதும் விற்றே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டேன். மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல் உள்ளே போக முடிந்தது. ஸ்டோர் ரூமில் நூல் பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, புதிதாக வாங்கினது, ஐந்து வருடமாகச் சேர்த்தது என்று எதுவும் பார்க்காமல் எல்லாவற்றையும் மார்க்கெட் ஆர்டரில் தள்ளினேன். என்ன விலைக்குப் போகும் என்று கூடப் பார்க்கவில்லை. அப்படிப்பட்ட நாளில் வாங்குகிறவர் குறைவு. மார்க்கெட் ஆர்டர் போட்டால் அவர் கேட்கிற விலைக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான். குறைந்தபட்சம் லிமிட் ஆர்டர் போட்டு ஒரு விலையையாவது நான் சொல்லியிருக்கலாம்.

3 லட்சத்துக்கு வாங்கினது 2 லட்சத்து 34 ஆயிரத்துக்குப் போனது. 66,000 நஷ்டம், ஒரே நாளில். முந்தின நாள் 9 லட்சத்து 40 ஆயிரம் வரை போன பழைய பங்குகள் 8 லட்சத்து 10 ஆயிரத்துக்குப் போயின. விற்று முடித்ததும் நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிஜமான நிம்மதி. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன். அந்த நிம்மதி இரண்டு நாள் கூட நிற்கவில்லை.

ஜூன் 5 அன்று சென்செக்ஸ் 2,300 புள்ளி ஏறியது. 7ஆம் தேதி, ஜூன் 3 அன்று முடிந்த அளவையும் தாண்டி 76,693இல் முடிந்தது. மூன்று நாளில் பள்ளம் தூர்ந்துவிட்டது. நான் மட்டும் கையில் பணத்தோடு வெளியே நின்றேன். தினமும் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போனைப் பார்ப்பேன். சந்தை ராத்திரியில் திறக்காது என்று தெரியும், இருந்தாலும் பார்ப்பேன். ஜூன் 11 அன்று பொறுக்க முடியாமல் அந்தப் பழைய பங்குகளை மட்டும் திரும்ப வாங்கினேன். நான் விற்ற அத்தனை பழைய பங்கையும் வாங்க 9 லட்சத்து 20 ஆயிரம் வேண்டியிருந்தது. அவற்றை விற்று வந்த 8 லட்சத்து 10 ஆயிரத்துக்கு எவ்வளவு வருமோ அவ்வளவுதான் வந்தது. 1 லட்சத்து 10 ஆயிரம் மதிப்புள்ள பங்கு காணாமல் போனது. யாரும் திருடவில்லை, நானே கொடுத்தது.

2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 3,934 புள்ளி விழுந்தது, 13 சதவீதம். அன்றைக்கு நான் விற்கவில்லை. தைரியசாலி என்று என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், அன்று என்னிடம் இருந்ததே 60,000 ரூபாய்தான். சின்னத் தொகையில் காட்டிய பொறுமை பெரிய தொகையிலும் வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

அப்புறம் வந்தது பட்ஜெட். தேர்தல் வருடம் என்பதால் பிப்ரவரி 1 அன்று இடைக்கால பட்ஜெட்தான் போட்டார்கள், வரியில் கை வைக்கவில்லை. முழு பட்ஜெட் ஜூலை 23. ஆபீஸ் சாப்பாட்டு அறை டிவியில் பார்த்தேன். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்கிற பங்கின் லாபத்துக்கு, அதாவது நீண்ட கால ஆதாயத்துக்கு, வரி 10இல் இருந்து 12.5 சதவீதம். குறுகிய கால ஆதாயத்துக்கு 15இல் இருந்து 20. நீண்ட கால ஆதாயத்தில் வரி இல்லாத வரம்பு வருடத்துக்கு 1 லட்சத்தில் இருந்து ஒன்றேகால் லட்சம். சென்செக்ஸ் 1,200 புள்ளிக்கு மேல் விழுந்தது. என் கை மறுபடியும் போனுக்குப் போனது. இந்தத் தடவை ஆப் உடனே திறந்தது. ஆனால் விற்பதற்கு முன்னால் ஒன்றே ஒன்று பார்த்தேன்: இந்தப் புது விகிதம் எப்போதிலிருந்து? அன்றைக்கே அமல். அன்று விற்றாலும் அடுத்த வாரம் விற்றாலும் அதே 20 சதவீதம். அப்படியென்றால் எதற்கு ஓடுவது? போனை வைத்துவிட்டேன். அன்று சந்தை வெறும் 73 புள்ளி நஷ்டத்தில் முடிந்தது. வரிச் சேதி வந்தால் நான் இப்போதெல்லாம் முதலில் தேடுவது விகிதத்தை இல்லை, தேதியை. 2018இல் நீண்ட கால ஆதாய வரியைத் திரும்பக் கொண்டுவந்தபோது கூட, பிப்ரவரி 1 அறிவிப்பு, ஏப்ரல் 1 அமல், ஜனவரி 31 வரை ஏறியிருந்த லாபத்துக்கு விலக்கு என்று மூன்று தேதி இருந்தது. அதைப் படிக்காமல் விற்றவர்கள் எத்தனை பேரோ.

இன்னொரு கணக்கும் அன்று ராத்திரி போட்டுப் பார்த்தேன். பழைய முறையில் 1 லட்சம் போக மீதிக்கு 10 சதவீதம். புது முறையில் ஒன்றேகால் லட்சம் போக மீதிக்கு 12.5. இரண்டும் சமமாகிற இடம் இரண்டேகால் லட்சம். அதாவது ஒரு வருடத்தில் இரண்டேகால் லட்சம் வரை நீண்ட கால லாபம் எடுக்கிற ஒருவருக்கு வரி ஏறவே இல்லை, கொஞ்சம் குறைந்திருக்கிறது. என்னைப் போன்ற ஆட்கள் முக்கால்வாசிப் பேர் அதற்குள்தான் இருப்போம். ஆனால் நான் அதற்குள் இல்லை. ஏன் என்பதுதான் என் கதையிலேயே எனக்கு அதிகம் வலிக்கிற இடம்.

ஐந்து வருடமாக வைத்திருந்த பங்குகளை ஜூன் 4 அன்று விற்றதில், 5 லட்சத்துக்கு வாங்கினது 8 லட்சத்து 10 ஆயிரத்துக்குப் போனது. 3 லட்சத்து 10 ஆயிரம் லாபம், ஒரே நிதியாண்டில், ஒரே நாளில். நஷ்டம் என்று அழுதுகொண்டே விற்ற அன்று, வரிக் கணக்கில் எனக்கு அது லாபம்! ஒன்றேகால் லட்சம் விலக்கு அதிலேயே தீர்ந்துபோனது. அதோடு, ஜூன் 11 அன்று திரும்ப வாங்கியதும் அந்தப் பங்குகளின் வயது பூஜ்ஜியத்தில் இருந்து தொடங்கிவிட்டது. ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்தால்தான் நீண்ட காலம். ஐந்து வயதுப் பிள்ளையைக் கைக்குழந்தை ஆக்கியது போல. ஆகஸ்டில் மகளின் கல்லூரிக்காக இரண்டரை லட்சத்துக்கு விற்றபோது வந்த 12,000 லாபம் குறுகிய கால லாபம், 20 சதவீத வகை. நான் ஜூனில் சும்மா இருந்திருந்தால், அதே இரண்டரை லட்சத்துக்கு விற்றபோது நீண்ட கால லாபம் 1 லட்சத்து 20 ஆயிரம் சொச்சம் வந்திருக்கும். விலக்குக்குள் அடங்கியிருக்கும். வரி ஒரு பைசா கிடையாது.

ஆடிட்டர் அந்த 66,000 நஷ்டத்தை வைத்துக் கொஞ்சம் காப்பாற்றினார். திங்கட்கிழமை வாங்கிச் செவ்வாய்க்கிழமை விற்றதால் அதைக் குறுகிய கால நஷ்டமாக எடுத்துக்கொண்டார். அன்றைக்கே வாங்கி அன்றைக்கே விற்றிருந்தால் அது ஊக வணிக நஷ்டம், பங்கு ஆதாயத்தோடு கழிக்க முடியாது என்றார். குறுகிய கால நஷ்டத்தை இரண்டு வகை லாபத்திலும் கழிக்கலாம். நீண்ட கால நஷ்டத்தை நீண்ட கால லாபத்தில் மட்டும்தான் கழிக்கலாம். கழித்தது போக மிச்சம் நஷ்டம் இருந்தால் எட்டு வருடம் கொண்டுபோகலாம், ஆனால் கெடு தேதிக்குள் கணக்கு தாக்கல் செய்திருக்க வேண்டும். நஷ்டம்தானே, எதற்குத் தாக்கல் என்று விடுகிறவர்கள் இழப்பது இதைத்தான். 12,000 குறுகிய கால லாபம் முதலில் கழிந்தது, மீதி 54,000 நீண்ட கால லாபத்தில் கழிந்தது. ஒன்றேகால் லட்சம் விலக்கும் போகக் கடைசியில் 1 லட்சத்து 31 ஆயிரத்துக்கு 10 சதவீத வரியும், அந்த வரியின் மேல் போடுகிற செஸ்ஸும் சேர்த்து 13,624 ரூபாய். ஜூலை 23க்கு முன்னால் விற்றதால் பழைய 10 சதவீதம். அது ஒன்றுதான் ஆறுதல்.

"அட்வான்ஸ் டாக்ஸ் கட்டினீங்களாக்கா?" என்று ஆடிட்டர் கேட்டார். சம்பளத்தில்தான் பிடிக்கிறார்களே என்றேன். சம்பளத்தில் பிடிப்பது சம்பளத்துக்கு. பிடித்தம் போக 10,000 ரூபாய்க்கு மேல் வரி வந்தால் ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 என்று தவணை கட்ட வேண்டுமாம். நான் விற்றது ஜூன் 4. முதல் தவணைக்குப் பதினோரு நாள்தான் இருந்தது. அந்தப் பதினோரு நாளும் நான் வேறு உலகத்தில் இருந்தேன். வட்டி சுமார் 1,200 ரூபாய். பெரிய தொகை இல்லை, ஆனால் தேவையில்லாத தொகை. பங்கு விற்ற அன்றே லாபத்தை ஒரு நோட்டில் எழுதி, அடுத்த தவணைத் தேதியைப் பக்கத்தில் குறித்துவைப்பது இப்போது பழக்கமாகிவிட்டது.

மொத்தமாகப் பார்த்தால் 66,000, அப்புறம் 1 லட்சத்து 10 ஆயிரம், வரியும் வட்டியும் 15,000, விற்று வாங்கியதற்கு எஸ்டிடி என்கிற பங்குப் பரிவர்த்தனை வரியும் தரகும் மற்றதும் மூவாயிரம் சொச்சம். கிட்டத்தட்ட 1 லட்சத்து 95 ஆயிரம். எந்த வரிக்குப் பயந்து மே மாதம் முழுக்கத் தூக்கம் கெட்டேனோ அந்த வரி இதில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. அதுவும் நானாக இழுத்துவிட்டுக்கொண்ட வரி.

இதெல்லாம் நடந்த பிறகு பழைய சேதிகளை உட்கார்ந்து படித்தேன். 2004 மே 17 அன்று, இடதுசாரிகள் ஆதரவில் ஆட்சி வருகிறது என்ற பயத்தில் சென்செக்ஸ் 11 சதவீதம் விழுந்தது. வர்த்தகத்தை இரண்டு தடவை நிறுத்தினார்கள். அப்படிப் பயந்த அந்த ஆட்சி ஜூலையில் போட்ட பட்ஜெட்டில் என்ன செய்தது தெரியுமா? பங்குகளின் நீண்ட கால ஆதாயத்துக்கு வரியையே எடுத்துவிட்டு, அதற்குப் பதில் எஸ்டிடியைக் கொண்டுவந்தது. அந்த வரியைத் திரும்பக் கொண்டுவந்தது 2018இல், சந்தை கொண்டாடிய ஆட்சி. 2024இல் அதை ஏற்றியதும் சந்தை விரும்பியபடியே தொடர்ந்த ஆட்சிதான். நான் எந்தக் கட்சிக்கும் பரிந்து பேசவில்லை. யார் ஜெயிப்பார்கள் என்று சரியாகக் கணித்திருந்தாலும் வரி எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. நான் இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டு, அந்த முடிச்சைப் பார்த்து விற்றேன்.

அந்த எஸ்ஐபியை மட்டும் நான் தொடவில்லை. ஞாபகம் இல்லாததுதான் காரணம், வேறு புத்திசாலித்தனம் எதுவும் இல்லை. ஜூன் மாதமும் வழக்கம்போல 5,000 ரூபாய் போனது. 2024 ஆகஸ்ட் 5 அன்று சென்செக்ஸ் 2,222 புள்ளி விழுந்தபோதும், 2025 ஏப்ரல் 7 அன்று அமெரிக்க இறக்குமதி வரி அறிவிப்பால் 2,226 புள்ளி விழுந்தபோதும் நான் ஆப்பைத் திறக்கவில்லை. பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஒரு வருடத்துக்குள் தேவைப்படுகிற பணம் இப்போது பங்கில் இல்லை, அதனால் திறக்காமல் இருக்க முடிகிறது. மார்ச் மாதத்தில் ஒரு தடவை மட்டும் திறந்து, வயதான பங்குகளில் ஒன்றேகால் லட்சத்துக்குள் லாபம் இருந்தால் விற்றுத் திரும்ப வாங்கி வைக்கலாம் என்று ஆடிட்டர் சொல்லியிருக்கிறார். விலக்கும் வீணாகாது, வாங்கிய விலையும் உயரும். ஆனால் வயது மறுபடி பூஜ்ஜியம் ஆகும், அடுத்த ஒரு வருடத்துக்கு அதைத் தொடாமல் இருக்க முடிந்தால்தான் செய்ய வேண்டும்.

ஆடிட்டர் ஆபீசில் இருந்து வந்த அன்று ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஏனுங்க, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. கோபப்படுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த எஃப்டி இப்ப எவ்வளவு இருக்குது?" என்று மட்டும் கேட்டார். மிஞ்சிய 2 லட்சத்து 34 ஆயிரத்தை 2024 ஜூன் மாதமே திரும்ப எஃப்டியில் போட்டிருந்தேன். குறைகிற 66,000ஐ நிரப்ப இப்போது மாதம் 6,000 போட்டுக்கொண்டிருக்கிறோம், பாதி அவர் சம்பளத்தில் இருந்து, பாதி என் சம்பளத்தில் இருந்து.